பந்தியில் சொல்லாமல் விட்ட பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசித்தால் போதும். பாதியில் நிறுத்திவிட்டு 'சூப்பர் டீச்சர்' என்று கைகூப்புகிற படத்தை மட்டும் போடாதீர்கள். யார் முழுசாக வாசித்தீர்கள், யார் வாசிக்கவில்லை என்று வகுப்பில் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான்.

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் நம்ம சொந்தத்தில் ஒரு அண்ணன். எனக்கு நாலு வயசு மூப்பு. பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் மெல்போர்னில், மகள் அமெரிக்காவில். பால்பாயசத்தில் போளியைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"டீச்சரே, தோப்புல தேங்காய் வெட்ட ஆள் கிடைக்கல்ல பாத்துக்க. ரெண்டு மாசமா நெத்து தானா விழுது. எல்லாப் பயலும் பி.இ. படிச்சாச்சு. படிச்சு என்னத்தக் கிழிச்சானுவ? நீங்கதானே படி படின்னு வெரட்டி விட்டது. இப்பம் அனுபவிங்க."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், அந்தச் சிரிப்பில் எப்படிச் சேர்ந்தேன்? ஆகவே அண்ணனுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அவர் பெயரைப் போடவில்லை. பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது போதும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது. நான் கல்லூரி வாசலை மாணவியாக மிதித்தவள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் ரெண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி. "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும், ரெண்டு வருஷத்துல சம்பளம்" என்றார் அப்பா. தம்பி இந்துக் கல்லூரிக்குப் போனான். அவன் சட்டைக்குக் காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். உயர்கல்வியைப் பற்றிப் பேச உனக்கென்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவளுக்கும் சில விஷயம் தெரியும்.

இனி தேங்காய்க்கு வருவோம்.

அண்ணே, நம்ம தோப்பில் அந்தக் காலத்தில் தேங்காய் வெட்டியது யார்? நம்ம தாத்தா ஏறினாரா? நம்ம சித்தப்பா ஏறினாரா? ஏறினவர்கள் இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன சாதி என்று எழுதி வைத்ததுபோல் இருந்தது. அவர் பிள்ளை ஏறுவான், அந்தப் பிள்ளையின் பிள்ளை ஏறுவான். அதை உடைத்தது எது? திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதிபாய் 1817-ல் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு முன்பே 1809-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கியாயிற்று. பின்னால் அது நாகர்கோவிலுக்கு வந்து, 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக ஆனது. மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு சேர்த்து லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். அந்த லேஸ் வேலைக் காசு எத்தனையோ வீட்டில் அடுப்பெரித்தது. படிப்பும் கைத்தொழிலும் ஒரே கூரைக்குள் இருந்ததை மறந்துவிடக்கூடாது, பிறகு இதற்கு வருகிறேன்.

இதெல்லாம் சும்மா நடந்துவிடவில்லை. மேலே துணி போட்டதற்காகப் பெண்களை அடித்த நாடு இது. தோள்சீலைக் கலகம் 1820-களில் தொடங்கி, 1859-ல் அரசு அறிக்கை வரும்வரை நடந்தது. பள்ளிக்கூடத்தையும் கொளுத்தினார்கள். துணிக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கொளுத்தினவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம்ம குடும்பத்துக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடமே நம்ம வாசலில்தான் நடந்தது என்று ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். தடை இல்லாத வீட்டுக்காரர்கள் "எல்லாரும் படிச்சா என்ன ஆகும்" என்று கவலைப்படுவதைக் கேட்கும்போது எனக்குக் காது கூசுகிறது.

2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். இதைச் சொல்லி மேடையில் கைதட்டு வாங்குகிறோம். கைதட்டுகிற அதே கையால் "மரம் ஏற ஆள் இல்லை" என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். ரெண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். எனக்குத் தேங்காய் வெட்ட வருகிறவர் மரமேறும் மெஷினோடு வருகிறார். மரத்துக்கு இவ்வளவு என்று கணக்காக வாங்குகிறார். அவர் கேட்ட கூலியை அண்ணன் கொடுக்க மனசில்லாமல் பேரம் பேசினார் என்பதும் எனக்குத் தெரியும். ஆள் இல்லாமல் இல்லை, பழைய கூலிக்கு ஆள் இல்லை.

சரி, அண்ணன் சொன்னதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவதற்கு அர்த்தம் இல்லை.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பிள்ளை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. கணக்கில் புலி. 2009-ல் பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னிடம்தான் வந்தார். "டீச்சர் சொல்லுங்க, எங்க சேக்கட்டும்?" நான் யோசிக்கவே இல்லை. "இஞ்சினியரிங் சேத்துடுங்க, நாலு லட்சம் வரைக்கும் ஈடு கேக்காம லோன் கொடுப்பான்" என்றேன். பாங்குக்கும் கூடப் போனேன். நான் படிக்காத படிப்பை அவள் படிக்கப் போகிறாள் என்று அன்றைக்குக் கோயிலில் விளக்குப் போட்டேன்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். கட்டிடம் அரண்மனை மாதிரி. பஸ் ஊர் ஊராக வரும். ஆனால் ரெண்டாம் வருஷம் அவளுக்குப் பாடம் எடுத்தது போன வருஷம் அங்கேயே படித்து முடித்த பிள்ளை. ஆய்வகத்தில் கருவியைத் தொடக்கூடாது, பார்க்கலாம். நாலு வருஷம் முடித்து வெளியே வரும்போது பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி என்று சொல்லி, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழைத் தர மாட்டேன் என்றார்கள். அவளும் அப்பாவும் நானும் அலுவலகத்து பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பால்வெட்டுக்காரர் காலை மூன்று மணிக்கு எழுந்தவர், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். கடைசியில் என் சீட்டுப் பணத்தில் கட்டி வாங்கினேன். (அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாகவே அறிவித்தாயிற்று. இப்போதும் பிடித்து வைக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.)

சென்னையில் எட்டு மாசம் போன் எடுத்துப் பேசுகிற வேலை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளம் சரியாகப் போயிற்று. திரும்பி வந்தாள். அதற்கப்புறம் நம்ம ஊர் வேடிக்கை. பெண் பி.இ., அதனால் மாப்பிள்ளை பி.இ.க்குக் குறையக்கூடாது. மாப்பிள்ளை பி.இ., அதனால் பவனும் குறையக்கூடாது. படிப்பு சீதனத்தைக் குறைக்கும் என்று நான் வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஏற்றிவிட்டது. லோன் ஒரு பக்கம் வட்டியோடு வளர்ந்தது. இன்றைக்கு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள்.

அந்தப் பிள்ளைக்கு நான் செய்தது சரியா என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். படிக்கச் சொன்னது சரி. எங்கே, யாரிடம், எவ்வளவு காசுக்கு என்று கேட்காமல் சொன்னது தப்பு. எனக்கு அன்று கல்லூரி என்றால் எல்லாம் கல்லூரிதான். 1984-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது, பிறகு தமிழ்நாடு முழுக்க ஐந்நூறைத் தாண்டிப் பெருகியது, பின்னால் பல கல்லூரிகள் ஆளில்லாமல் மூடப்பட்டது எல்லாம் நம்ம கண்முன்னால் நடந்தது. ரப்பரும் வாழையும் நின்ற இடத்தில் கல்லூரி வந்தபோது சந்தோஷப்பட்டோம். அது என்ன விற்கிறது என்று பார்க்கவில்லை.

இப்போது அண்ணன் போன்றவர்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற ஒரு கணக்கு உண்டு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை. 2022-ல் பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலை இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம் பேருக்குத்தான் வேலை இல்லை. கணக்கு சரி. அதற்குக் கீழே "அப்பம் படிக்காதவன்தான் புத்திசாலி" என்று எழுதுகிறார்களே, அதுதான் சரியில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் வேலை இல்லாமல் இருக்க முடியாது, மக்களே. இருந்தால் ராத்திரி அடுப்பு எரியாது. கிடைத்த வேலையைக் கிடைத்த கூலிக்குச் செய்வான், அது 'வேலை' என்று கணக்கில் ஏறும். பட்டதாரி காத்திருக்கிறான், அப்பா அம்மா சோறு போடுகிறார்கள், தேர்வு எழுதுகிறான். 2024-ல் குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வுக்கு எம்.எஸ்சி.யும் பி.இ.யும் வரிசையில் நிற்கிறார்கள். இது பிள்ளைகளின் பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. படித்தவனுக்கு ஏற்ற வேலையை இந்தப் பொருளாதாரம் உண்டாக்கவில்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இலவசக் கல்வி கொடுத்தார்கள், நல்ல காரியம். ஆனால் படித்து வந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. 1971-ல் தெற்கே இளைஞர்கள் ஆயுதம் எடுத்ததற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். எகிப்தில் 1960-களில் பட்டதாரி எல்லாருக்கும் அரசு வேலை உறுதி என்றார்கள். கடைசியில் அந்த வேலைக்கு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. பிரேசிலில் வேறு கதை. அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமே கிடையாது, ஆனால் நல்ல தனியார் பள்ளியில் காசு கட்டிப் படித்த பணக்காரப் பிள்ளைகள்தான் உள்ளே போக முடிந்தது. 2012-ல் சட்டம் போட்டு, மத்திய பல்கலைக்கழகங்களில் பாதி இடத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள். நம்ம 7.5 சதவீத ஒதுக்கீட்டைக் கேலி செய்கிறவர்கள் அந்தப் 'பாதி'யைக் கவனிக்கவும்.

தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போகிற வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் போகிறார்கள் என்கிறது 2021-22 கணக்கு. இந்தியா முழுக்க எடுத்தால் 28.4. நமக்கு எண்ணிக்கைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிட்டது. இனி உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் பிரச்சினை.

நம்ம ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் இஸ்ரோ சிவன் பெயரும் இஸ்ரோ நாராயணன் பெயரும் வராமல் இருக்காது. பெருமைதான், எனக்கும் உண்டு. சரக்கல்விளைக்காரர் ஒருவரும் மேலகாட்டுவிளைக்காரர் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்றால் சும்மாவா? ஆனால் அவர்கள் ஏறிப்போன படி எது என்று யாராவது பேசுகிறோமா? சிவன் விவசாயி மகன். தமிழ் வழியில் அரசுப் பள்ளி. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், ஏனென்றால் பக்கத்தில் இருந்தால் வயல் வேலைக்கும் கூட நிற்பான் என்று அப்பா நினைத்தார். இதை அவரே சொல்லியிருக்கிறார். நாராயணன் டிப்ளமோ படித்துவிட்டு வேலைக்குப் போனவர். கரக்பூர் ஐ.ஐ.டி. எல்லாம் பிறகுதான். (டிப்ளமோக்காரி என்ற முறையில் எனக்கு இதில் தனி சந்தோஷம்.) வீட்டுப் பக்கத்தில் பள்ளி, நடந்தோ பஸ்ஸிலோ போகிற தூரத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி, கட்டக்கூடிய கட்டணம், நிரந்தர வேலையில் இருந்து நிம்மதியாகப் பாடம் நடத்திய ஆசிரியர். இவ்வளவுதான் அந்தப் படி.

அந்தப் படியைத்தான் நாம் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். உதவி பெறும் கல்லூரிகளில் ஓய்வு பெற்றவர் இடம் வருஷக்கணக்காகக் காலி. புதுப் பாடப்பிரிவு வந்தால் 'செல்ஃப் பைனான்ஸ்'. ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில், ஒரு வகுப்புக்குச் சில ஆயிரம், பக்கத்து வகுப்புக்குப் பல ஆயிரம். என் நாத்தனார் மகள் பி.எச்டி. முடித்தவள், ஒரு தனியார் கல்லூரியில் மாசம் பதினாலாயிரம் வாங்குகிறாள். அவள் வீட்டில் வேலை செய்கிற கொத்தனாருக்கு அதைவிடக் கூட. கொத்தனாருக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை, அது வெயிலில் நின்று வாங்கும் காசு. கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவளுக்கு அந்த மதிப்புகூட இல்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இதற்கு நடுவில் 2025 அக்டோபரில், உதவி பெறும் கல்லூரிகளையும் தனியார் பல்கலைக்கழகம் ஆக்க வழி செய்யும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்துக் கிளம்பிய பிறகு மறு ஆய்வு செய்வோம் என்று அரசு சொன்னது. நம்ம குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த வாரம் பேசியது தங்க விலையைப் பற்றி.

இன்னொரு கேள்வி. கல்லூரி நம்ம மண்ணுக்கு என்ன செய்தது? திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். டி.பி.எஸ். 3 என்று வயலில் சொல்கிறார்களே, அந்த நெல் அங்கே பிறந்தது. 'டி.பி.எஸ்.' என்றால் திருப்பதிசாரம் என்று நாற்று நடுகிற அக்காவுக்கும் தெரியும். படித்தவர்களின் அறிவு வரப்பில் இறங்கி வந்தால் இப்படித்தான் இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கரையில் எத்தனை பொறியியல் கல்லூரி இருந்தது, எண்ணிப் பாருங்கள். எத்தனை மின்னணுத் துறை, எத்தனை 'ப்ராஜெக்ட்'! என் மாணவன் ஒருவன் இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கினான், என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னான். பத்து மைல் தள்ளி ஒருவன் அப்பாவைக் கடலில் தேடிக்கொண்டிருக்கும்போது, இவன் தானாக விளக்கு அணைகிற பொம்மையை ஆறாயிரத்துக்கு வாங்கி மார்க் எடுத்தான். அவனை நான் திட்டவில்லை. கடலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லேஸ் பின்னிய பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்றேனே, இதற்குத்தான்.

மறுபடியும் அந்தப் பிள்ளை. போன வருஷம் பாங்கில் இருந்து மொத்தமாகக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அவள் அழவில்லை. கணக்கு விவரத்தை எழுதிக் கேட்டு வாங்கினாள். மூன்று ராத்திரி உட்கார்ந்து வரிக்கு வரி பார்த்து, வட்டிக்கு வட்டி தப்பாக ஏறியிருந்த இடத்தைக் குறித்து, கடிதம் எழுதி, மேலிடம் வரை அனுப்பி, தொகையைக் குறைத்து வாங்கினாள். காகிதத்தைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். "டீச்சர், கூட்டுவட்டி நீங்க ஏழாங் கிளாசுல எடுத்தீங்க" என்றாள். அவள் அப்பா இருந்தால் அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கு வாசலில் கும்பிட்டு நின்றிருப்பார்.

அண்ணே, "படிச்சு என்னத்தக் கிழிச்சானுவ" என்று கேட்டீர்களே. உங்கள் மகன் படிக்கக் கோயம்புத்தூர் போனபோதும், மேல்படிப்புக்கு விமானம் ஏறியபோதும் நீங்கள் அதைக் கேட்கவில்லை. தெற்கு விளையில் ஒருவன் பி.இ. படித்துவிட்டுச் சாப்பாடு கொண்டுகொடுக்க பைக்கில் போகும்போதுதான் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். ஏமாற்றி விற்ற கல்லூரியிடம் கேளுங்கள், காலியிடத்தை நிரப்பாத அரசிடம் கேளுங்கள். பி.இ. படித்த மருமகளை வேலைக்கு விடாமல் வைத்துக்கொண்டு, படிப்பைக் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அச்சடிக்கிற நம்ம வீட்டு ஆட்களிடமும் கேளுங்கள். இதில் என் வீடும் உண்டு, சண்டை போட்டுத்தான் என் மருமகளை அனுப்பினோம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வரலாம். கல்லூரி விளம்பரத் தாளை எடுத்து வாருங்கள். கட்டணம் மொத்தம் எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, பாடம் எடுக்கிறவர் யார், போன வருஷம் எத்தனை பேர் எல்லாப் பாடமும் பாசானார்கள் என்று நாலு கேள்வி எழுதித் தருகிறேன். கல்லூரியில் நேரில் கேட்டுவிட்டு வந்து சேருங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் மாசம் ஆயிரம் ரூபாய்க்குரிய தாள்களையும் சரிபார்த்துத் தருவேன். சான்றிதழைக் கல்லூரியில் பிடித்துவைத்திருந்தால், கட்டிய ரசீது எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடிதம் எழுதத் துணைக்கு ஆள் இருக்கிறது, ஜவுளிக்கடைக்கு அவளுக்குப் பதினொன்றரைக்குப் போனால் போதும்.